சுழிப்பிழை: இல்லை

நகர்ந்து உட்கார வேண்டாம் அண்ணாச்சி, இடம் போதும். உங்கள் தராசுத் தட்டு என் முழங்காலில் இடிக்கிறது, இடித்தால் இடிக்கட்டும். என் பையை மட்டும் மிதித்துவிடாதீர்கள். உள்ளே சாட்சிப் பொருள் இருக்கிறது.

போலீஸ் கேஸெல்லாம் இல்லை. கலெக்டர் ஆபீஸுக்குப் போகிறேன். இன்றைக்குத் திங்கட்கிழமை அல்லவா, மனு வாங்கும் நாள். நீங்கள்? தராசுக்கு முத்திரை போடவா? நல்லது. வருஷா வருஷம் கட்டாயம் போட வேண்டியதுதான். உங்களைச் சொல்லவில்லை, பொதுவாகச் சொல்கிறேன், சில வியாபாரிகள் தட்டுக்கு அடியில் புளியை ஒட்டி வைத்துவிடுகிறார்கள். கருவி சரியாக இருக்க வேண்டும், பிடிக்கிற கையும் சரியாக இருக்க வேண்டும். நான் பி.எஸ்சி. பௌதிகம் இரண்டாம் வருஷம். அதனால் இந்த விஷயத்தில் கொஞ்சம் கண்டிப்பு. என்ன வியாபாரம்? வெங்காயமா? சரி, சரி. உங்களைச் சொல்லவில்லை.

மனு யார்மேல் என்றா கேட்கிறீர்கள்? சற்குணம் என்று ஒருவர். எங்கள் வாத்தியார். அவர்மேல் ஒன்று, என்னோடு படிக்கிற முப்பத்தொரு பேர்மேல் ஒன்று, ஆனால் ஒரே மனுவாகத்தான் எழுதியிருக்கிறேன். பதினோரு பக்கம். முதலில் ஏழு பக்கம்தான் வந்தது. நேற்று உட்கார்ந்து நிதானமாக யோசித்ததில் இன்னும் நாலு பக்கம் சேர்ந்துவிட்டது.

இந்த பஸ் டவுன் போய்ச் சேர முக்கால் மணி நேரம் ஆகும். நியாயத்தை நீங்களே சொல்லுங்கள்.

வியாழக்கிழமை எனக்குச் செய்முறைப் பரீட்சை. வருஷம் முழுக்க லேபில் பன்னிரண்டு சோதனை செய்து, ரிக்கார்டு நோட்டில் எழுதி, ஒவ்வொன்றின் அடியிலும் வாத்தியார் கையெழுத்து வாங்கியிருக்க வேண்டும். அந்த நோட்டு நாளை மறுநாள், புதன்கிழமை சாயங்காலத்துக்குள் துறைத்தலைவர் மேஜைக்குப் போய்விட வேண்டும். எனக்குப் பதினொன்றுக்குக் கையெழுத்து இருக்கிறது. பன்னிரண்டாவதற்கு இல்லை. ஒன்று குறைந்தாலும் பரீட்சைக்கு உள்ளே விடமாட்டார்கள். ஒரு வருஷம் அப்படியே போய்விடும்.

எங்கள் அப்பா போஸ்ட்மேன், அண்ணாச்சி. அதைச் சொன்னால்தான் உங்களுக்கு என் நிலைமை புரியும். அவர் கொண்டுபோகிற ஒவ்வொரு கடிதத்தோடும் என் சங்கதியும் அந்த வீட்டுக்குப் போகிறது. மணியார்டரை எண்ணிக் கொடுத்துவிட்டு, "எம்மவனுக்கு வியாழக்கெழமை பரீட்ச, தெரியும்லா?" என்பார். கேட்காதவர்களிடமும் சொல்வார். தெருவில் என்னைப் பார்க்கிறவர்கள் சௌக்கியமா என்று கேட்பதில்லை. "என்ன, எத்தன மார்க்கு?" என்றுதான் கேட்கிறார்கள். போன வருஷம் எனக்குக் கணிதத்தில் அறுபத்திரண்டு. அது நாலு கிராமத்துக்குத் தெரியும். நான் பரீட்சை எழுதவில்லை என்றால் அந்தச் செய்தியை அவர்தானே சைக்கிளில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு வாசலாகப் போக வேண்டும்?

இது போக அன்றாடத் தொல்லைகள் வேறு. பஸ் பாஸ் வைத்திருக்கிற மாணவன் என்றால் டிரைவருக்கு என்னவோ கண் தெரிவதில்லை. நிறுத்தத்துக்கு முன்னால் நிறுத்துவார், இல்லை தாண்டி நிறுத்துவார், நாங்கள் நிற்கிற இடத்தில் மட்டும் நிறுத்தமாட்டார். ஓடிப்போய்த் தொற்றிக்கொண்டு காலேஜ் போய்ச் சேர்ந்தால் முதல் பீரியடில் பெயர் கூப்பிட்டு முடிந்திருக்கும். நானும் போக்குவரத்துக் கழகத்துக்கு மூன்று கடிதம் போட்டுவிட்டேன். எங்கள் அப்பாதான் ஸ்டாம்பு ஒட்டினார். பதில் இல்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

பன்னிரண்டாவது சோதனை என்னவென்றால், ஒரு பித்தளைக் கம்பியில் ஒரு வட்டத் தட்டைத் தொங்கவிட வேண்டும். லேசாகத் திருகிவிட்டால் அது இப்படியும் அப்படியும் சுற்றும். அந்த நேரத்தைக் கணக்கிட்டு, கம்பியின் தடிமனை அளந்து, கம்பி எவ்வளவு முரண்டு பிடிக்கிறது என்று கண்டுபிடிக்க வேண்டும். மூன்றரை வர வேண்டும். புத்தகத்தில் அப்படித்தான் போட்டிருக்கிறது. எனக்கு இரண்டு புள்ளி எட்டு எட்டு வருகிறது.

ஒருமுறை அல்ல, ஐந்து முறை. அண்ணாச்சி, ஐந்து முறையும் அதே விடை! தப்பாகச் செய்கிறவனுக்கு ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு விடையல்லவா வர வேண்டும்? எனக்கு மாறவே இல்லை. என் கை அவ்வளவு திட்டம்.

முதல் தடவை நோட்டைக் கொண்டுபோனபோது சற்குணம் சார் பார்த்தார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ஏம்பா, கருவியச் சரி பாத்தியா?" என்று கேட்டார்.

"சார், கருவியைக் குறை சொல்லித் தப்பிக்கிற ஆள் நான் இல்லை" என்றேன்.

"கருவியக் கேக்கல. உன்னத்தான் கேக்கேன்" என்றார்.

இது என்ன பேச்சு, சொல்லுங்கள். சிவப்பு மையில் குறுக்கே ஒரு கோடு போட்டார். அடியில், 'முதல் சோதனையைப் பார்த்துவிட்டு மறுபடி செய்க' என்று எழுதினார். ஐந்து தடவையும் அதே சிவப்பு மை, அதே வாக்கியம். என் முதல் சோதனைக்கு அவர் பத்துக்குப் பத்து போட்டிருந்தார், அண்ணாச்சி. அதைத்தான் குத்திக் காட்டுகிறார். அன்றைக்கு எப்படி இருந்தாய், இன்றைக்கு இப்படி ஆகிவிட்டாயே, அதைப் பார்த்து வெட்கப்படு என்கிறார். ஒரு மனிதனை இதைவிட மட்டமாகச் சொல்ல முடியுமா?

காரணம் இருக்கிறது. ஆடி மாதம் அவர் கரும்பலகையில் ஒரு கணக்குப் போட்டபோது கழித்தல் குறியை விட்டுவிட்டார். நான் எழுந்து சொன்னேன். அவர் நன்றி சொல்லித் திருத்திக்கொண்டார். அன்றிலிருந்து மனசில் வைத்திருக்கிறார். வெளியில் காட்டிக்கொள்வதே இல்லை, அவ்வளவு அழுத்தம்.

இருக்கட்டும். மற்ற முப்பத்தொரு பேருக்கும் எப்படி மூன்றரை வந்தது என்று கேளுங்கள்.

எங்கள் வகுப்பில் குருபாதம் என்று ஒருவன். அவனுடைய சித்தப்பா பதினோரு வருஷத்துக்கு முன்னால் இதே காலேஜில் இதே படிப்புப் படித்தவர். அவருடைய ரிக்கார்டு நோட்டு அவனிடம் இருக்கிறது. பன்னிரண்டு சோதனைக்கும் கையெழுத்து, எல்லா விடையும் சரி. லேபில் வட்டத் தட்டைச் சும்மா நாலு சுற்று சுற்றவிட்டு வேடிக்கை பார்த்துவிட்டு, எல்லாரும் அந்த நோட்டைத்தான் பார்த்து எழுதுகிறார்கள். அதற்குப் பெயரே சித்தப்பா. "சித்தப்பா எங்கலே?" "லேடீஸ் பக்கம் போயிருக்காரு." "சித்தப்பா என்ன சொல்லுதாரு?" "மூணு புள்ளி நாலு எட்டுங்காரு." இப்படித்தான் பேசிக்கொள்வார்கள். கடைசி இரண்டு இலக்கத்தை மட்டும் ஆளுக்கு ஒன்றாக மாற்றிக்கொள்வார்கள். நாற்பத்தெட்டு, நாற்பத்தொன்பது, ஐம்பது, ஐம்பத்தொன்று. அதற்கு ஒரு முறை வைத்திருக்கிறார்கள், வருகைப் பதிவு வரிசைப்படி.

நான் அப்படிச் செய்யவில்லை. நான் கொள்கைக்காரன்.

ஏன் நீ மட்டும் பார்த்து எழுதவில்லை என்கிறீர்களா? அதுதான் சொன்னேனே, கொள்கை. சரி, முழுசாகவே சொல்லிவிடுகிறேன். ஆவணி மாதம் குருபாதம் என்னிடம் கணித நோட்டுக் கேட்டான். நான் இல்லை என்று சொல்லவில்லை. கொடுத்தேன். ஒரு தாளில் நாலு வரி எழுதி அவனிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டேன், அவ்வளவுதான். பக்கத்தை மடக்கக் கூடாது, சாயங்காலம் நாலு மணிக்குத் திருப்பித் தர வேண்டும், எச்சில் தொட்டுப் புரட்டக் கூடாது, மூன்றாம் அதிகாரத்தில் நானாகக் கண்டுபிடித்த ஒரு சுருக்கு வழி இருக்கிறது, அதைப் பார்த்து எழுதக் கூடாது. என் உழைப்பு, அண்ணாச்சி. இதில் என்ன தவறு? அவன் தாளைப் படித்தான். "ஏலே சொரிமுத்து, நீ பேசுததே மனு மாதிரிதாம்ல இருக்கு" என்றான். நோட்டை என் மேஜையிலேயே வைத்துவிட்டுப் போய்விட்டான். பக்கத்தில் இருந்தவர்கள் எல்லாம் சிரித்தார்கள்.

அதன் பிறகு நான் சித்தப்பாவைக் கேட்கவில்லை. கேட்டால் கொடுத்திருப்பான் என்று சொல்கிறார்கள். கேட்பவன் நான் இல்லை. அன்றிலிருந்து எல்லா அளவும் நானே எடுத்தேன். பதினொன்று வரை எனக்குச் சரியாகத்தான் வந்தது. ஆவணிக்குப் பிறகு செய்தவற்றுக்கெல்லாம் ஸ்கேலும் கடிகாரமும் வெப்பமானியும் போதும். இந்தப் பன்னிரண்டாவதில்தான் கம்பியின் தடிமன் பார்க்க ஒரு சின்னக் கருவி வருகிறது. ஸ்க்ரூ கேஜ் என்பார்கள். பாடத்தில் திருகு அளவி.

வெள்ளிக்கிழமை ஐந்தாவது தடவையும் சிவப்புக் கோடு விழுந்தது. நான் லேபிலேயே நின்றுகொண்டிருந்தேன். எல்லாரும் போய்விட்டார்கள். லேப் அட்டெண்டர் செபஸ்தியான் அண்ணன் அலமாரியைப் பூட்ட வந்தார். என்னைப் பார்த்தார், கம்பியைப் பார்த்தார். அப்புறம் அந்தத் திருகு அளவியை எடுத்து ஒரு பழந்துணியில் சுற்றி என் கையில் கொடுத்தார்.

"தம்பி, வீட்டுல வச்சு நிதானமாப் பாருங்க. கம்பியெல்லாம் வேண்டாம். வெறுமன மூடி, வெறுமன தொறந்து பாருங்க. திங்கக் காலைல பத்து மணிக்கு அலமாரி தொறக்கும்போது வந்துரணும். எண்ணிக்க கொறஞ்சா எம்பாடு ஆபத்து" என்றார்.

வெறுமனே மூடித் திறக்க நான் என்ன சின்னப் பிள்ளையா? இரண்டாம் வருஷம் பௌதிகம் படிக்கிறவனிடம் அட்டெண்டர் பேசுகிற பேச்சா அது? துணியைக்கூட நான் பிரிக்கவில்லை. ஆனால் ஒரு விஷயம் கவனித்தீர்களா? அரசாங்கச் சொத்தை ஒரு அட்டெண்டர் தம் இஷ்டத்துக்கு வெளியே கொடுத்துவிடுகிறார். அந்த லேபில் அவ்வளவு ஒழுங்கீனம். அதையும் மனுவில் எட்டாம் பக்கத்தில் எழுதியிருக்கிறேன், அவர் பெயரோடு.

நல்ல மனிதர்தான். நல்ல மனிதர் இல்லை என்று நான் எழுதவில்லையே.

அப்புறம் சனிக்கிழமை என்ன நடந்தது தெரியுமா? குருபாதம் பன்னிரண்டு மைல் சைக்கிள் மிதித்து எங்கள் வீட்டுக்கு வந்தான். உள்ளே வரவில்லை, வாசலிலேயே நின்றான். சட்டைக்குள்ளிருந்து சித்தப்பா நோட்டை எடுத்து நீட்டினான்.

"எழுதிக்கிடுலே. திங்கக்கெழம கையெழுத்து வாங்கிரு. புதன்கெழம வரைக்கும் இழுக்காத."

"எனக்கு வேண்டாம்" என்றேன்.

"வீம்பு பண்ணாத. ஒனக்காகச் சொல்லல. ஒங்க அப்பா எங்க வீட்டுக்கும்தாம்ல தபால் கொண்டு வாராரு" என்றான். நோட்டை என் கையில் திணித்துவிட்டு, தண்ணீர்கூடக் குடிக்காமல் போய்விட்டான்.

எனக்கு அப்போதுதான் பொறி தட்டியது, அண்ணாச்சி. முப்பத்தொரு பேர் பார்த்து எழுதியதற்கு ஆதாரம் என் கையில் தானாக வந்து விழுந்திருக்கிறது! உடனே மனு எழுத உட்கார்ந்துவிட்டேன். 'ஐயா, நேர்மையாகச் சோதனை செய்த ஒரே மாணவனுக்குக் கையெழுத்து மறுக்கப்படுகிறது, பார்த்து எழுதியவர்களுக்கு வழங்கப்படுகிறது' என்று ஆரம்பம். முப்பத்தொரு பேருடைய பெயரும் பதிவெண்ணும் கடைசி இரண்டு பக்கத்தில். குருபாதம் முதல் பெயர். இணைப்பு ஒன்று, சித்தப்பா நோட்டு. இணைப்பு இரண்டு, திருகு அளவி. கலெக்டர் கூப்பிட்டு விசாரித்தால் அத்தனை நோட்டும் ரத்து. சற்குணம் சார் பதில் சொல்ல வேண்டிவரும்.

அப்போது எனக்கு எப்படிக் கையெழுத்துக் கிடைக்கும் என்று கேட்கிறீர்கள். அது... கலெக்டர் ஏதாவது செய்வார். செய்யாமலா இருப்பார்?

என்ன, நம்பிக்கை இல்லையா? இருங்கள், கருவியைக் காட்டுகிறேன். இந்தப் பையை ஒரு நிமிஷம் பிடியுங்கள்.

இதுதான். கைக்கு அடக்கமாக இருக்கிறது பாருங்கள். இந்த வாயில் பொருளை வைத்து, இந்தத் திருகைத் திருக வேண்டும். இந்த வட்டத்தில் கோடு கோடாகப் போட்டிருக்கிறதே, அதில் படிக்க வேண்டும். ஒரு கோடு என்றால் ஒரு மில்லிமீட்டரில் நூற்றில் ஒரு பங்கு. உங்கள் டிக்கெட்டைக் கொடுங்கள், அதன் தடிமனை அளந்து காட்டுகிறேன்.

என்ன கேட்டீர்கள்?

வெறும் வாயா?

ஓ, உங்கள் தராசு மாதிரி என்கிறீர்கள். தட்டில் ஒன்றும் வைக்காமல் முள் நடுவில் நிற்கிறதா என்றுதான் முதலில் பார்ப்பீர்கள், அதுபோல. ஆமாம், இதற்கும் அது உண்டு. வாயை முழுசாக மூடினால் பூஜ்யம் பூஜ்யத்தோடு சேர வேண்டும். சேரவில்லை என்றால் எத்தனை கோடு தள்ளி நிற்கிறதோ அதை ஒவ்வொரு அளவிலிருந்தும் கழித்துவிட வேண்டும். அதற்குச் சுழிப்பிழை என்று பெயர். அதெல்லாம் முதல் சோதனையிலேயே பார்த்தாயிற்று. இதற்குச் சுழிப்பிழை கிடையாது. ஒரே கருவி, ஒரே அலமாரி, எத்தனை தடவை பார்ப்பது? நான் ஐந்து தடவையும் 'சுழிப்பிழை: இல்லை' என்றுதான் எழுதியிருக்கிறேன்.

மூடிக் காட்டவா? காட்டுகிறேன், அதற்கென்ன. இதோ. மூடியாயிற்று. இனி திருகாது.

பஸ் குலுக்கலில் சரியாகத் தெரியவில்லை. இருங்கள், வெளிச்சத்தில்...

ஐந்து.

ஐந்து கோடு தள்ளி நிற்கிறது.

தூசி ஏதாவது இருக்கும். துணியால் துடைத்துவிட்டு மூடுகிறேன். ஐந்துதான்.

அண்ணாச்சி, அந்த நோட்டை எடுங்கள். சித்தப்பா அல்ல, பழுப்பு அட்டை போட்டது, என்னுடையது. முதல் பக்கம். முதல் சோதனை: திருகு அளவியைப் பயன்படுத்துதல். பத்துக்குப் பத்து, பார்த்தீர்களா? 'சுழிப்பிழை: இல்லை.' இருக்கிறது அல்லவா?

நான் பார்த்தேனா என்கிறீர்கள்.

அது ஆனி மாதம். காலேஜ் திறந்த புதுசு. லேபில் ஒரே கூட்டம், ஒரே ஒரு திருகு அளவி, என் முறை வருவதற்குள் மணி அடித்துவிட்டது. அந்த ஒரு சோதனை மட்டும்... அப்போது குருபாதத்துக்கும் எனக்கும் சண்டை இல்லை. அவனாகவே கொடுத்தான். அந்த ஒன்று மட்டும்தான் சித்தப்பாவைப் பார்த்து எழுதினேன். பதினோரு வருஷத்துக்கு முன்னால் இது சரியாக இருந்திருக்கும்போல.

அடுத்த ஊர் எது? மானூரா? எவ்வளவு நேரம் ஆகும்?

பென்சில் இருக்கிறதா உங்களிடம்? கொடுங்கள். தாள், தாள்... மனுவே இருக்கிறது, பின்பக்கம் வெள்ளைதான். ஒன்று புள்ளி பூஜ்யம் ஐந்து என்று நான் எடுத்தது. ஐந்து கோட்டைக் கழித்தால் ஒன்று. அவ்வளவுதான் கம்பியின் தடிமன். இந்தக் கணக்கில் தடிமனால் நாலு முறை வகுக்க வேண்டும், அண்ணாச்சி. அதனால் முடியளவு பிசகினாலும் கடைசியில் ஊரளவு வந்து நிற்கும். கூடுதலாக வகுத்ததைச் சரிக்கட்ட, இரண்டு புள்ளி எட்டு எட்டை ஒன்று புள்ளி பூஜ்யம் ஐந்தால் நாலு முறை பெருக்கினால்... குலுக்கலில் எழுத்துக் கோணுகிறது... ஆறு, மீதி நாலு...

மூன்று புள்ளி ஐந்து.

வந்துவிட்டது. நானே எடுத்த அளவில் வந்துவிட்டது. பாருங்கள், நானே எடுத்தது!

சற்குணம் சார் சொன்னாரே என்கிறீர்களா? சொன்னார். ஐந்து தடவை சிவப்பு மையில் எழுதினார். இல்லையென்று சொல்லவில்லை. அதை இன்னும் கொஞ்சம் விளக்கமாக எழுதியிருக்கலாம் அல்லவா? இப்படியா மொட்டையாக எழுதுவது?

மணி என்ன? ஒன்பதேகாலா? கண்டக்டர் சார், மானூரில் ஒரு இறக்கம்! எதிர்ப்பக்கம் போகிற பஸ் எப்போது? இருபத்தைந்துக்கா? அதைப் பிடித்தால் பத்து மணிக்குக் காலேஜ் போய்விடலாம். செபஸ்தியான் அண்ணன் அலமாரி திறப்பதற்குள் போய்விடலாம். எண்ணிக்கை குறைந்தால் அவர் பாடு ஆபத்து என்றார்.

இந்தத் துணியைச் சுற்றித் தாருங்கள். மெதுவாக. அந்தச் சித்தப்பாவையும் எடுங்கள், மேலே வைத்துக்கொள்கிறேன். பக்கம் மடங்குகிறது பாருங்கள்... சரி, மடங்கட்டும். அவன் ஒன்றும் சொல்லமாட்டான்.

மனுவா? அதை எப்படிக் கொடுப்பது, அண்ணாச்சி? பின்பக்கம் பூராவும் கணக்குப் போட்டாயிற்று. கலெக்டரிடம் இப்படியா ஒரு மனுவை நீட்டுவது, மரியாதையாகவா இருக்கும்? முதலில் இந்தக் கணக்கைப் பார்த்து ரிக்கார்டில் எழுத வேண்டும். அப்புறம் கிழித்துவிடுவேன். அந்தக் கடைசி இரண்டு பக்கத்தை இப்போதே கிழித்துவிடுகிறேன். இந்தாருங்கள், ஜன்னல் பக்கம் நீங்கள்தானே, சுக்கல் சுக்கலாகப் போட்டுவிடுங்கள்.

மானூர் வந்துவிட்டது. தட்டைக் கொஞ்சம் தூக்குங்கள், கால் வெளியே வரட்டும். வருகிறேன்.

அண்ணாச்சி, ஒரே ஒரு விஷயம். சொல்கிறேனே என்று தப்பாக நினைக்காதீர்கள். அந்த ஆபீஸில் தராசை நீட்டுவதற்கு முன்னால், வெறும் தட்டோடு ஒருமுறை தூக்கிப் பிடித்து, முள் நடுவில் நிற்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். நிறையப் பேர் அதைச் செய்வதில்லை.